சென்சார், பம்ப், வாராந்தர இன்சுலின்: நீரிழிவின் புதிய கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சர்க்கரை அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில் உள்ளன. மில்லிமோல் கணக்கு பழகியவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளலாம். கேள்விகள் பல என்றாலும், பதில்களில் பாதிக்கு மேல் இரண்டு தாமதங்களில் போய் நிற்கும். சென்சார் காட்டும் எண் சில நிமிடம் பழையது. தோலுக்கடியில் போட்ட இன்சுலின் வேலையைத் தொடங்கவும் நேரம் எடுக்கும், ஓயவும் நேரம் எடுக்கும். மருந்தளவு மாற்றங்களை உங்கள் மருத்துவரோடு பேசியே செய்யுங்கள்.

சென்சார் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத்தான் அளக்கிறதா?

இல்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றி நிற்கும் திரவத்தில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. கையில் ஒட்டியிருக்கும் வட்டத்துக்குக் கீழே மெல்லிய இழை ஒன்று சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே போகிறது. அதன் மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கும். சர்க்கரை அந்த நொதியோடு வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றி, மாடலைப் பொறுத்து நிமிடத்துக்கு ஒரு முறையோ 5 நிமிடத்துக்கு ஒரு முறையோ போனுக்கு அனுப்புகிறது.

ரத்தத்திலிருந்து அந்தத் திரவத்துக்குச் சர்க்கரை ஊறிவர 5 முதல் 15 நிமிடம் ஆகும். சர்க்கரை ஒரே நிலையில் இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் சிக்கல். நிமிடத்துக்கு 2 வீதம் இறங்கிக்கொண்டிருந்தால், சென்சார் 100 என்று சொல்லும் நேரத்தில் ரத்தத்தில் 80 இருக்கலாம்.

இதைவிடத் தொல்லை தருவது எதிர்த்திசை. சர்க்கரை 58க்கு இறங்குகிறது, 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிடுகிறீர்கள். 15 நிமிடம் கழித்து விரலில் பார்த்தால் 88. சென்சாரோ இன்னும் 60 என்றே அலாரம் அடிக்கிறது. பயந்து மறுபடி சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் 240. சென்சார் போட்ட முதல் மாதத்தில் ஏறக்குறைய எல்லோரும் இதில் விழுகிறார்கள். லோவுக்கு (சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதற்கு) சாப்பிட்ட பிறகு, சரியானதா என்று விரல் குத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சென்சாரும் குளுக்கோமீட்டரும் வேறு வேறு எண் காட்டினால் எதை நம்புவது?

இரண்டுமே கொஞ்சம் தவறும். இன்றைய நல்ல சென்சார்களின் சராசரிப் பிழை 8 முதல் 9 சதவீதம். குளுக்கோமீட்டருக்கான ஐஎஸ்ஓ 15197 தரத்தின்படி (2013), 100க்குக் கீழே 15 மி.கி. வரையிலும், 100க்கு மேலே 15 சதவீதம் வரையிலும் வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதுவும் 95 சதவீத அளவீடுகளுக்குத்தான். ஆகவே மீட்டர் 180, சென்சார் 200 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நடைமுறைக்கு, சர்க்கரை 100க்குக் கீழே இருக்கும்போது 20 மி.கி.க்குள்ளும், மேலே இருக்கும்போது 20 சதவீதத்துக்குள்ளும் ஒத்துப்போனால் போதும்.

ஒப்பிடுவதற்கும் முறை உண்டு. சர்க்கரை எந்தத் திசையில் போகிறது என்று காட்டும் அம்புக்குறி படுக்கையாக இருக்கும்போது மட்டும் ஒப்பிடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். பழம் தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் 300 கூடக் காட்டும். அளவுதிருத்தம் (விரல் குத்திய எண்ணைக் கொடுத்துச் சரிசெய்வது) செய்ய அனுமதிக்கும் சென்சாரிலும், சர்க்கரை வேகமாக மாறும் நேரத்தில் திருத்தாதீர்கள். தாமதத்தையே பிழையாக எண்ணிக் கருவி தன்னைக் கோணலாக்கிக்கொள்ளும்.

விரல் குத்தியே தீரவேண்டிய நேரங்கள்: உடம்பு சொல்வதும் எண்ணும் பொருந்தாதபோது, புது சென்சாரின் முதல் நாளில் எண் வினோதமாக இருக்கும்போது, திரையில் எண்ணோ அம்புக்குறியோ இல்லாதபோது.

இரவில் லோ அலாரம் அடிக்கிறது, குத்திப் பார்த்தால் 110. ஏன்?

சென்சார் மேல் படுத்திருக்கிறீர்கள். அழுத்தத்தால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து, உள்ளூர்த் திரவத்தில் சர்க்கரை வற்றிவிடுகிறது. வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். நிஜ லோ சரிவாக இறங்கும். இது செங்குத்தாக விழுந்து, கொஞ்ச நேரம் தரையில் கிடந்து, நீங்கள் புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலே வரும். எந்தப் பக்கம் படுக்கிறீர்களோ அதற்கு மறுபுறக் கையில் ஒட்டுங்கள். சென்சார் எண்ணைப் பார்த்து இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கிப் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது தூக்கக் கேடு மட்டுமல்ல. பொய் லோவை நம்பிப் பம்ப் இன்சுலினை நிறுத்திவிடும், காலையில் 220 நிற்கும்.

சென்சாரைச் சரியாக ஒட்டுவது எப்படி?

மேல்கையின் பின்புறம், சதைப்பிடிப்பான இடம். தழும்பு, மச்சம், இன்சுலின் போட்டுப் போட்டுக் கட்டிப்போன இடம் வேண்டாம். இன்சுலின் ஊசி அல்லது பம்ப் குழாய் இருக்கும் இடத்திலிருந்து சுமார் 8 செ.மீ. தள்ளியிருக்கட்டும். ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுதாகக் காயும் வரை பொறுங்கள். ஈரத்தோடு ஒட்டுவதுதான் மூன்றாம் நாளே சென்சார் உரிந்து விழுவதற்கு முதல் காரணம். குளித்தவுடன் தடவிய லோஷன் இரண்டாவது. அழுத்திப் பதித்த பிறகு ஓரங்களை விரலால் அரை நிமிடம் நீவிவிடுங்கள். மேலே டேப் போடுவதானால், லிப்ரே வகைச் சென்சாரில் நடுவில் இருக்கும் சிறு துளையை மூடக்கூடாது.

தயாராகும் நேரம் மாடலுக்கு மாடல் வேறு. டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஜி7க்கு அரை மணி, லிப்ரே வகைக்கு ஒரு மணி, பழைய ஜி6க்கு 2 மணி நேரம். ஜி7இல் 10 நாள் முடிந்த பிறகு 12 மணி நேர அவகாசம் உண்டு. அது தீருமுன் புதியதை ஒட்டி, தயாரானதும் பழையதைக் கழற்றினால் இடைவெளி விழாது.

ஒட்டிய இடம் அரித்துச் சிவந்தால் பசைதான் சந்தேகத்துக்குரியது. ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருள் பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்திருக்கிறது. தடுப்புத் திரவம் தெளித்து ஒட்டிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் அதே சென்சாரில் பிடிவாதம் வேண்டாம், வேறு நிறுவனத்துடையதுக்கு மாறுங்கள்.

வேறு மாத்திரைகள் எண்ணைக் குழப்புமா?

குழப்பும், சென்சாரைப் பொறுத்து. அதிக அளவு வைட்டமின் சி லிப்ரே வகையில் எண்ணை உயர்த்திக் காட்டும்; லிப்ரே 2க்கு நாளொன்றுக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்பது எச்சரிக்கை. ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுபவர்கள் டெக்ஸ்காமை நம்பி இன்சுலின் போடக்கூடாது. பாரசிட்டமால் பழைய சென்சார்கள் பலவற்றைக் கெடுத்தது. ஜி6, ஜி7இல் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை பாதிப்பில்லை. தோலுக்கடியில் பதித்து ஒரு வருடம் வரை வைத்திருக்கும் எவர்சென்ஸ் நொதிக்குப் பதிலாக ஒளிரும் வேதிப்பொருளால் இயங்குவதால் அதற்கு எதிரி வேறு: டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்.

பொய்யாக உயர்ந்த எண் பொய்யாகத் தாழ்ந்த எண்ணைவிட ஆபத்து. அதை நம்பி இன்சுலின் போட்டுவிடுவோம்.

இவ்வளவு எண்களில் எதைப் பார்ப்பது?

முதலில் 14 நாள் தரவு வேண்டும், அதில் 70 சதவீத நேரமாவது சென்சார் இயங்கியிருக்க வேண்டும். பிறகு ‘வரம்புக்குள் நேரம்’ பாருங்கள். 2019இல் வந்த சர்வதேச ஒருமித்த கருத்துப்படி, பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு இது: 70 முதல் 180க்குள் 70 சதவீதத்துக்கு மேல், 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், 54க்குக் கீழே 1 சதவீதத்துக்குள், 250க்கு மேலே 5 சதவீதத்துக்குள். சதவீதம் மனதில் நிற்காது, மணிக்கணக்கில் சொல்கிறோம். 70 சதவீதம் என்றால் நாளில் சுமார் 17 மணி நேரம். 1 சதவீதம் என்றால் 14 நிமிடம். முதியவர்களுக்கும் லோவால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் வரம்புக்குள் 50 சதவீதம் போதும், ஆனால் 70க்குக் கீழே 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கர்ப்ப காலத்தில் வரம்பே வேறு: 63 முதல் 140.

பார்க்கும் வரிசை முக்கியம். எல்லோரும் சாப்பாட்டுக்குப் பின் வரும் சிகரத்தைத்தான் முதலில் பிடிப்பார்கள். அது தவறான நுனி. முதலில் லோக்கள், அவற்றைச் சரிசெய்யாமல் மற்றதை இறக்கப்போனால் லோ பெருகும். அடுத்து இரவு. இரவுக்கோடு படுக்கையாக வந்துவிட்டால் அடிப்படை இன்சுலின் (சாப்பாட்டைச் சாராமல் நாள் முழுக்க வேண்டியது) சரி என்று அர்த்தம். சாப்பாடு கடைசி.

அறிக்கையில் ஜிஎம்ஐ என்று ஒரு எண் வரும். சராசரிச் சர்க்கரையை 0.02392ஆல் பெருக்கி 3.31 கூட்டினால் கிடைப்பது அது. சராசரி 154 என்றால் 7.0. இது ஆய்வகத்தின் எச்பிஏ1சியோடு (கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒத்துப்போக வேண்டியதில்லை. ரத்தச்சோகை, இரும்புச்சத்துக் குறைவு, சிறுநீரகக் கோளாறு, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது ஆகியவை எச்பிஏ1சியை மேலோ கீழோ இழுக்கும். இரண்டுக்கும் 0.5க்கு மேல் தொடர்ந்து வித்தியாசம் இருந்தால், ரத்த அணுக்களைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், சென்சாரைத் திட்டாதீர்கள்.

மாத்திரை மட்டும் சாப்பிடும் டைப் 2 காரருக்குச் சென்சார் வேண்டுமா?

எப்போதும் ஒட்டியே இருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை இரண்டு வாரம் போட்டு, எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது, நடந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று கற்றுக்கொண்டு கழற்றிவிடலாம். இன்சுலின் போடாதவர்களுக்கென மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 மார்ச்சில் ஸ்டெலோ என்ற சென்சாரை அனுமதித்தது. லோ அலாரம் இல்லாமல் வந்த சென்சார் அது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லோ வரும் வாய்ப்பு உண்டு என்பதால், அவர்களுக்கு அலாரம் உள்ள சென்சாரே நல்லது.

குத்தாமலே சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம், மோதிரம்?

வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஒளியைப் பாய்ச்சி அளப்பதில் உள்ள இடர் எளிதில் தீர்வதல்ல. தோலில் தண்ணீரும் புரதமும் கொழுப்பும் தரும் சமிக்ஞைக்கு முன் சர்க்கரையின் சமிக்ஞை மிகச் சிறியது. வியர்வை, சூடு, அழுத்தம் எதுவும் அதை மறைத்துவிடும். 2001இல் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச் மின்னோட்டத்தால் தோல் வழியே திரவத்தை இழுத்து அளந்தது. தோல் புண்ணானது, விரல் குத்தி அளவுதிருத்தமும் செய்ய வேண்டியிருந்தது. கண்ணீரில் சர்க்கரை பார்க்கும் காண்டாக்ட் லென்ஸைக் கூகிள் 2014இல் அறிவித்தது, 2018இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. கையில் ஒட்டிய சென்சாரின் எண்ணைக் கடிகாரத் திரையில் பார்ப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை.

பம்பில் என்ன தவறு நடக்கும்?

பம்பில் ஒரே வகை இன்சுலின்தான், வேகமாக வேலை செய்யும் வகை. அதையே சொட்டுச் சொட்டாக நாள் முழுக்கத் தருகிறது. நீண்ட நேர இன்சுலின் உடம்பில் கையிருப்பே இல்லை. எனவே வரத்து நின்றால் சில மணி நேரத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கும். பம்ப் போடுபவர் மறக்கவே கூடாத ஒன்று இது.

வரத்து நிற்கும் இடம் ஏறக்குறைய எப்போதும் தோலுக்கடியில் இருக்கும் கடைசிச் சில மில்லிமீட்டர்தான். மென்மையான கேனுலா (தோலுக்கடியில் போகும் சிறு குழாய்) செருகும்போதே மடங்கிவிடலாம். கழன்று வெளியே வந்து, இன்சுலின் டேப்புக்கடியில் கசியலாம். ஒட்டிய இடத்தில் இன்சுலின் வாடை அடித்தால் அதுதான். மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் விட்டால் தோல் வீங்கி உறிஞ்சுவது குறையும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நிரப்பினால், இன்சுலின் சூடேறும்போது காற்றுக்குமிழி பிரிந்து குழாயில் நிற்கும். ஆகவே அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே நிரப்புங்கள்.

அலாரம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அடைப்பு அலாரம் குழாயில் அழுத்தம் ஏறினால்தான் அடிக்கும். மணிக்கு 0.3 யூனிட் போகும் குழந்தைக்கு அந்த அழுத்தம் சேரப் பல மணி நேரம் ஆகலாம். கசிவுக்கு அலாரமே கிடையாது.

எனவே இந்த வரிசையைப் பழக்கமாக்குங்கள். காரணம் தெரியாமல் 250ஐத் தாண்டினால் பம்பால் ஒரு திருத்த அளவு (ஏறிய சர்க்கரையை இறக்கும் இன்சுலின்) கொடுங்கள். ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கவில்லையென்றால் ரத்தக் கீட்டோன் பாருங்கள். அடுத்த திருத்தத்தைப் பேனாவாலோ சிரிஞ்சாலோ போடுங்கள், பம்பால் அல்ல. பிறகு கேனுலாவை வேறு இடத்தில் புதிதாகச் செருகுங்கள். கழற்றியதைப் பாருங்கள், மடங்கியிருந்தால் கதை தெரிந்துவிடும். பேனாவால் போட்ட அளவு பம்புக்குத் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள். கீட்டோன் (இது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு) 0.6க்குக் கீழே சாதாரணம். 1.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 3ஐத் தாண்டினாலோ, வாந்தி நிற்காமலோ இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை 200க்குள் இருக்கும்போதே கீட்டோன் ஏறலாம்.

செருகும் வேலையைப் படுக்கப் போகும் நேரத்தில் செய்யாதீர்கள். காலையில் செய்தால், தவறினால் கண்ணில் படும்.

சென்சாரும் பம்பும் சேர்ந்துவிட்டால் கணையம் திரும்பிவந்த மாதிரிதானா?

பாதிக் கணையம் என்று சொல்லலாம். அதுவும் இரவில் நன்றாகவும் சாப்பாட்டு நேரத்தில் சுமாராகவும் வேலை செய்யும் கணையம். 2016 செப்டம்பரில் எஃப்டிஏ அனுமதித்த மெட்ரானிக் 670ஜிதான் இந்த வகையில் முதலில் வந்தது. இன்றைய அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் போக்கு உண்டு. மெட்ரானிக் 780ஜியில் இலக்கை 100 வரை இறக்கலாம். டேண்டமின் கன்ட்ரோல்-ஐக்யூ அரை மணி நேரம் முன்கூட்டிக் கணித்து, 180ஐத் தாண்டும் என்று தெரிந்தால் அதிகபட்சம் மணிக்கு ஒரு முறை, தேவையான திருத்தத்தில் 60 சதவீதம் மட்டும் கொடுக்கும். ஆம்னிபாட் 5 குழாயில்லாமல் உடம்பில் ஒட்டுவது; குறைந்தது 85, அதிகபட்சம் 200 யூனிட் நிரப்பி 3 நாள் ஓட்டலாம். 2024 ஆகஸ்டில் டைப் 2 பெரியவர்களுக்கும் அது அனுமதி பெற்றது. 2023இல் வந்த ஐலெட் உடல் எடையை மட்டும் கேட்கும். சாப்பாட்டுக்குக் கிராம் கணக்கு வேண்டாம், ‘வழக்கமான அளவு’, ‘குறைவு’, ‘அதிகம்’ என்று சொன்னால் போதும். கணக்குப் போடப் பிடிக்காதவர்களுக்கு அது நிம்மதி. எண்களைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு எரிச்சல்.

இவை எல்லாம் ஏன் இன்னும் சாப்பாட்டைச் சொல்லச் சொல்கின்றன? இரண்டு தாமதங்களையும் கூட்டிப் பாருங்கள். சாப்பிட்ட 10, 15 நிமிடத்தில் ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்குகிறது. சென்சாருக்கு அது தெரிய இன்னும் 10 நிமிடம். பிறகு கொடுக்கும் இன்சுலின் உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் சர்க்கரை 250. அந்த உச்ச இன்சுலின் வேலை செய்யும்போது சாப்பாடு தீர்ந்திருக்கும், லோ வரும். மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பின்னால் ஓடித்தான் பிடிக்கிறது. சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்னதாக நீங்களே போலஸ் (சாப்பாட்டுக்கான இன்சுலின்) கொடுத்தால் அந்த ஓட்டமே தேவையில்லை.

பழைய பழக்கங்கள் சில இங்கே கேடு செய்யும்:

லோவுக்கு 15 கிராம் சாப்பிடும் விதி. தானியங்கிப் பம்ப் ஏற்கெனவே முக்கால் மணி நேரமாக இன்சுலினைக் குறைத்துவைத்திருக்கும். 5 முதல் 10 கிராம் போதும். அதிகம் சாப்பிட்டால் சர்க்கரை எகிறும், பம்ப் துரத்தும், மறுபடி லோ.

மறந்த போலஸைத் தாமதமாக முழுதாகப் போடுவது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்தால், பம்ப் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கும். பாதி அளவு கொடுப்பது பல மருத்துவக் குழுக்கள் சொல்லும் வழி.

சர்க்கரை இறங்க மாட்டேனென்றால் சாப்பிடாத உணவைச் சாப்பிட்டதாகப் பதிவது. அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் மென்பொருள் அந்தப் பொய்யையும் பாடமாக எடுத்துக்கொள்ளும்.

உடற்பயிற்சிக்காகச் சும்மா கழற்றிவைப்பது. பம்பை நிறுத்தாமல் கழற்றினால், காற்றில் போன இன்சுலினையும் உங்கள் உடம்பில் போனதாகக் கணக்கு வைக்கும். முதலில் நிறுத்தி, பிறகு கழற்றுங்கள். பம்பின் பயிற்சி முறையை (இன்சுலினைக் குறைத்துத் தரும் அமைப்பு) 1 முதல் 2 மணி நேரம் முன்னதாகப் போடுங்கள். தொடங்கும்போது போட்டால், முன்பே உள்ளே போன இன்சுலினை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

கம்பெனிகள் தரும் முன்பே நோயாளிகளும் பெற்றோர்களும் சேர்ந்து ஓப்பன்ஏபிஎஸ், லூப், ஆண்ட்ராய்டுஏபிஎஸ் என்று தாங்களே எழுதிக்கொண்ட மென்பொருள்கள் இன்றும் புழக்கத்தில் உண்டு. இவற்றில் ஒன்றின் வழியில் வந்த டைட்பூல் லூப் 2023 ஜனவரியில் எஃப்டிஏ அனுமதி பெற்றது. இவற்றை அமைப்பவர் தன் அளவுகளின் கணக்கைத் தானே புரிந்தவராக இருக்க வேண்டும். அமைத்துத் தர யாரையோ கூலிக்குப் பிடிப்பது சரிவராது.

பம்ப் வேண்டாம், பேனாவே போதும் என்பவர்களுக்கு?

ஸ்மார்ட் பேனா இருக்கிறது. எத்தனை யூனிட், எப்போது போட்டீர்கள் என்று தானே குறித்துவைக்கும். ‘போட்டேனா இல்லையா’ என்ற சந்தேகத்தில் இரண்டு முறை போடுவது இதனால் நிற்கும். ஆனால் பேனாவுக்குத் தெரிந்தது எவ்வளவு வெளியே தள்ளியது என்பது மட்டுமே. ஊசியை உடனே உருவியதால் தோலில் வழிந்ததும் அதன் கணக்கில் ‘போட்டாச்சு’தான். அழுத்திய பிறகு 6 முதல் 10 நொடி உள்ளேயே வைத்திருங்கள், ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வாரம் ஒரு முறை இன்சுலின் எப்படி வேலை செய்கிறது?

ஐகோடெக் என்ற இன்சுலின் ரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிரிந்து வருகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 8 நாள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 மே மாதம் அனுமதித்தது. எஃப்டிஏ அதே ஆண்டு ஜூலையில் கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. டைப் 1இல் லோ அதிகமானதுதான் பெரிய கேள்வியாக எழுந்தது. சாப்பாட்டு இன்சுலினுக்கு இது மாற்றில்லை, அடிப்படை இன்சுலினுக்கு மட்டும்.

கணக்கு: தினசரி அடிப்படை அளவை 7ஆல் பெருக்குவது. தினம் 20 யூனிட் என்றால் வாரம் 140. நிலைக்கு வர 3, 4 வாரம் ஆவதால், பொதுவாக முதல் ஊசி மட்டும் ஒன்றரை மடங்கு, அதாவது 210. இரண்டாவது வாரமும் 210 போட்டுவிடுவதுதான் தவறு நடக்கும் இடம். பேனாவில் மில்லிக்கு 700 யூனிட் என்ற அடர்த்தி. 140 யூனிட் என்பது 0.2 மி.லி.தான், சாதாரண இன்சுலினில் 20 யூனிட் பிடிக்கும் அதே இடம். பேனாவிலிருந்து சாதாரணச் சிரிஞ்சில் எடுத்தால் ஏழு மடங்கு போய்விடும். அப்படி ஒருபோதும் எடுக்காதீர்கள்.

ஊசிக்குப் பின் 2 முதல் 4 நாளில் லோவுக்கு வாய்ப்பு அதிகம். லோ வந்தால் சரிசெய்வது வழக்கம்போலத்தான், ஆனால் மீண்டும் வரக்கூடும் என்று கண்காணியுங்கள். சாப்பாடு ஒரே சீராக இல்லாதவர், அடிக்கடி உபவாசம் இருப்பவர், திடீரென்று கடும் உடலுழைப்பு செய்பவர் யோசித்தே மாற வேண்டும். போட்டதைக் குறைக்க வழியில்லை. தினமும் ஊசி போட வேறொருவரை நம்பியிருக்கும் முதியவருக்கு, அந்தச் சிரமம் ஏழில் ஒரு பங்காகும்.

மூச்சில் இழுக்கும் இன்சுலின்?

இருக்கிறது. எக்ஸூபெரா 2006இல் வந்து 2007இல் சந்தையை விட்டுப் போனது. அஃப்ரெஸ்ஸா 2014இல் அனுமதி பெற்றது. 4, 8, 12 யூனிட் குப்பிகளில் வரும், ஊசியைவிட வேகமாக ஏறி வேகமாக இறங்கும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் கூடாது. தொடங்கும் முன்னும், 6 மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் நுரையீரல் திறன் பரிசோதனை வேண்டும். 4 யூனிட் படிக்கட்டு என்பதால் நுணுக்கமான அளவுக்கு உதவாது.

செல் சிகிச்சையால் டைப் 1 முற்றிலும் குணமாகுமா?

சிலருக்கு இன்சுலின் ஊசி நின்றிருக்கிறது. அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை வேறு. 2000இல் கனடாவின் எட்மன்டனில் 7 பேருக்குத் தானம் பெற்ற கணையத்திலிருந்து பிரித்த, இன்சுலின் சுரக்கும் தீவுச் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தினார்கள், ஏழு பேரும் இன்சுலினிலிருந்து விடுபட்டார்கள். தானக் கணையம் போதாது என்பது அன்றிலிருந்து நிற்கும் தடை. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த தீவுச் செல்லான ஜிமிஸ்லெசெல் அந்தத் தடையைத் தாண்டுகிறது. 2025 ஜூனில் வெளியான முடிவில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள்.

ஆனால் உடல் அந்தச் செல்களை அழிக்காமலிருக்க எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து தொடர்ந்து வேண்டும். தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, சில புற்றுநோய்களுக்கான வாய்ப்பு கூடுதல். லோ வருவதே தெரியாமல் மயங்கி விழுபவருக்கு இது ஏற்கத்தக்க பேரம். பம்பால் சமாளிப்பவருக்கு இப்போதைக்கு அல்ல. அடக்கும் மருந்தே வேண்டாத வகையில் மரபணு திருத்திய தானச் செல்களை முன்கைத் தசையில் வைத்த முயற்சி ஸ்வீடனில் ஒருவருக்கு நடந்து 2025இல் வெளியானது. செல்கள் பிழைத்தன, இன்சுலின் சுரந்தன. கொடுத்தது மிகச் சிறிய அளவு என்பதால் அவர் இன்சுலினை நிறுத்தவில்லை. பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குவோம் என்று யாராவது அழைத்தால், அது இந்த ஆய்வுகளோடு சம்பந்தப்பட்டதல்ல.

டைப் 1 வருமுன் தடுக்க முடியுமா?

தள்ளிப்போட முடியும். டெப்லிசுமாப் மருந்தை 14 நாள் தொடர்ந்து நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். எஃப்டிஏ 2022 நவம்பரில் அனுமதித்தது. கணையத்தின் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இரண்டு வகையோ அதற்கு மேலோ இருந்து, சர்க்கரை லேசாகத் தடம் மாறத் தொடங்கிய, ஆனால் அறிகுறி எதுவும் வராத, 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. இடைநிலைக் கணக்கில் நோய் சுமார் 2 ஆண்டு தள்ளிப்போனது. ஏற்கெனவே நோய் வெளிப்பட்டவர்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது.

கண், கால் பரிசோதனையில் புதிதாக என்ன?

விழித்திரைப் படத்தை மருத்துவர் பார்க்காமலே, மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று தானே முடிவு சொல்லும் மென்பொருளை எஃப்டிஏ முதன்முதலாக 2018இல் அனுமதித்தது. படம் மங்கலாக இருந்தால் அது முடிவு சொல்லாது. கண்புரை உள்ளவர்கள் கண் மருத்துவரிடமே போக வேண்டியிருக்கும். அது பார்ப்பது நீரிழிவு விழித்திரை நோயை மட்டும், கண் அழுத்த நோயை அல்ல.

பம்போ புது மருந்தோ தொடங்கி, 10இல் இருந்த எச்பிஏ1சி சில மாதத்தில் 7க்கு வருமென்றால், அதற்கு முன்பே கண்ணைக் காட்டிவிடுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம்.

காலுக்கு, பாதத்தின் சூட்டை அளக்கும் விரிப்புகள் வந்திருக்கின்றன. இரு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால், தோலுக்கடியில் அழற்சி தொடங்கிவிட்டது என்று கொள்கிறார்கள். புண் வருமுன் நடையைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்க அது நேரம் தருகிறது. உணர்ச்சி மரத்த காலுக்கு வலி செய்யவேண்டிய வேலையைச் சூடு செய்கிறது.

ஸ்கேன் எடுக்கும்போது?

எம்ஆர்ஐ அறைக்குள் பம்ப் போகவே கூடாது. எக்ஸ்ரே, சிடி எடுக்கும்போதும் கழற்றி வெளியே வையுங்கள். சென்சாருக்கு மாடலுக்கு மாடல் விதி வேறு, அதன் கையேட்டைப் பார்க்கவும். ஸ்கேன் தேதி தெரிந்தால், சென்சார் மாற்றும் நாளை அதோடு ஒட்டி வைத்துக்கொள்வது சிக்கனம்.

போனில் அலாரமே வரவில்லை, ஏன்?

பெரும்பாலும் போனின் அமைப்புதான். புது இயங்குதளம் ஏற்றியதும் அறிவிப்பு அனுமதி மாறிவிடுவது, பேட்டரி சேமிப்பு செயலியைத் தூங்கவைப்பது, புது ஹெட்போனை இணைத்ததும் சத்தம் அங்கே போய்விடுவது, ‘தொந்தரவு செய்யாதே’ முறை. எஃப்டிஏ 2025 பிப்ரவரியில் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், தானாக இயங்குதளம் புதுப்பிப்பதை நிறுத்துங்கள், புதுப்பித்த பிறகும் புதுக் கருவி இணைத்த பிறகும் ஒரு அலாரம் உண்மையில் கேட்கிறதா என்று பாருங்கள். போனைப் பக்கத்து அறையில் விட்டுத் தூங்கினாலும் புளூடூத் அறுந்துபோகலாம்.

கருவி எல்லாம் ஒரே நாளில் கைவிட்டால்?

ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். குளுக்கோமீட்டரும் காலாவதியாகாத ஸ்ட்ரிப்பும், கீட்டோன் ஸ்ட்ரிப், வேக இன்சுலின் பேனாவும் ஊசிகளும், நீண்ட நேர இன்சுலின், உபரிக் கேனுலா இரண்டு, பேட்டரி அல்லது சார்ஜர், குளுக்கோஸ் மாத்திரை, குளுக்ககான் (கடும் லோவில் சர்க்கரையை ஏற்றும் மருந்து). இவற்றோடு ஒரு காகிதம்: 24 மணி நேர அடிப்படை அளவு, மாவுச்சத்து விகிதம் (எத்தனை கிராமுக்கு ஒரு யூனிட்), திருத்த அளவு. பம்ப் இறந்தால் அந்த எண்களும் அதோடு போய்விடும். அளவு மாறும்போதெல்லாம் காகிதத்தையும் மாற்றி, தேதி போட்டு வையுங்கள்.